ஏழாவது வரி

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் நாலு பேர். அணுபுரம் குடியிருப்பில் இருக்கும் ஒரு கணவனும் மனைவியும், சதுரங்கப்பட்டினத்தில் படகு இன்ஜின் பழுது பார்க்கும் நண்பன், செங்கல்பட்டிலிருந்து பைக்கில் போகும் நான். அந்தத் தம்பதியின் சாப்பாட்டு மேசையில் காகிதமும் பகடையும் பரப்பி, மாயாஜால உலகம் ஒன்றில் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடுவோம். கதையை நடத்துவது நான். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் நண்பனுக்காகத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒருநாள் அவன் கேட்டான். "கத்தி புடிக்கிறவன், மந்திரம் போடறவன் எல்லாம் கீறான். எதுனா புச்சா செஞ்சிகினே இருக்கிற ஆளு இல்லியா மச்சான்?"

"நான் எழுதித் தரேன்டா" என்றேன்.

இரண்டு வாரம் உட்கார்ந்து 'கண்டுபிடிப்பாளன்' என்ற பாத்திரத்தை உருவாக்கினேன். அவன் தினமும் மூன்று கருவி செய்யலாம். கருவியை இயக்கும்போது பகடையில் ஒன்று விழுந்தால் அது சொதப்பும். எப்படிச் சொதப்பும் என்பதற்குப் பன்னிரண்டு வரிப் பட்டியல்.

மேசையில் சிரிப்பு வரவேண்டும் என்று, நண்பனுடைய தோல்விகளையே எடுத்து அதில் எழுதினேன். அவன் செய்த மீன் பெட்டி ஐஸைச் சீக்கிரமாக உருக்கியது. அவன் மாட்டிய ஹாரன் ஒரு கல்யாண ஊர்வலம் முழுக்க நிற்காமல் அலறியது. இவையெல்லாம் அவனே சொல்லிச் சிரித்தவை. ஏழாவது அப்படியல்ல. படகைக் கரைக்கு இழுக்க அவன் செய்த முதல் வின்ச்சில், சுற்றும் கயிற்றில் கை சிக்கி, அவனுடைய அண்ணனுக்கு இரண்டு விரல் போய்விட்டது. புதுப்பட்டினம் டீக்கடையில், குனிந்த தலையை நிமிர்த்தாமல் என்னிடம் மட்டும் சொன்னது அது. 'பக்கத்தில் நிற்பவர் இரண்டு விரலை இழக்கிறார். இனி எட்டு வரைக்கும்தான் எண்ணுவார்' என்று எழுதினேன். யாருடைய விரல் என்று தெரிந்தேதான் எழுதினேன். வரி நன்றாக வந்துவிட்டது. அடிக்க மனசு வரவில்லை.

முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு ஒன்று விழுந்தது. பட்டியலுக்காகப் பன்னிரண்டு முகப் பகடையை உருட்டினான். ஏழு. தாள் அவன் கையில் இருந்தது. சத்தமாகப் படித்தான். விஷயம் தெரியாத அந்தக் கணவனும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை அவன் காத்திருந்தான். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தான்.

"கெட்டுப் போனா இன்னா ஆவும்னு ஒரு பக்கம் எழுதிகீற. நல்லா வேலை செஞ்சா இன்னா ஆவும்னு எங்க எழுதிகீற?"

'கருவி வேலை செய்யும்' என்பதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "அடுத்த குகைக்குப் போலாம்" என்றேன். ஆட்டத்தை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அவன் வரவில்லை. மன்னிப்புக் கேட்கச் சதுரங்கப்பட்டினம் போனேன். கரையில் அவன் அண்ணன்தான் வின்ச்சை ஓட்டிக்கொண்டிருந்தார். கயிறு சுற்றும் இடத்தை இரும்பு வலை மூடியிருந்தது.

"தம்பி மாத்திச் செஞ்சது. இப்ப இங்க எல்லா படகும் இத்துலதான் ஏறுது" என்றார். "அந்த ஆட்டம் நடத்தறவரு நீங்கதானா? உங்களப் பத்தி எப்பவும் நல்லா சொல்லிகினு இருப்பான்."

அவர் முன்னால் அலை எப்படி, மீன் எப்படி என்று ஏதோ பேசினேன். பைக் வரைக்கும் கூட வந்த நண்பனிடம்தான் சொன்னேன். "அந்த வரி தப்புடா."

"தெரிஞ்சிதான எழுதுன?"

"ஆமாம்."

பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. "பாத்துப் போ, வழியெல்லாம் மணலு" என்றான்.

அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். கருவி வேலை செய்தால் யார் யாருக்கு என்ன நன்மை என்று ஒரு பக்கம் எழுதினேன். அடுத்த மாதம் அவன் வந்தான். அதைப் பொறுமையாகப் படித்து, "நல்லா கீது" என்று சொல்லி, தாளை அந்த வீட்டுப் பெண்ணிடம் நீட்டினான். "நீங்க ஆடுங்கக்கா. எனக்கு வில்லுக்காரன் போதும்."

இப்போது அவர்தான் கண்டுபிடிப்பாளனை ஆடுகிறார். ஒவ்வொரு கருவியாக அவர் இயக்கும்போது, நான் நண்பன் பக்கம் திரும்புவதில்லை.