கட்டைவிரல் நகமும் ஜிங்க் சல்பேட்டும்

காப்பிச் செடிக்குத் தெளிக்க வைத்திருந்த ஜிங்க் சல்பேட் கரைசலில் என் பத்து விரல்களையும் மூன்று மாதம் ஊறவைத்திருக்கிறேன். தினமும் மாலை கால் மணி நேரம், ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில். குடித்துவிட்டுச் செய்த காரியம் அல்ல. நாலு புத்தகத்தைப் புரட்டி, நன்றாக யோசித்துச் செய்தது. செடிக்குக் கலக்கும் அளவில் பாதிதான் கலந்தேன். இத்தனை ஜாக்கிரதையான முட்டாளைத் தான் பார்த்ததில்லை என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். அந்த ஜாக்கிரதையையாவது அவள் கவனித்தாளே என்று இருந்தது.

எண்பதுகளின் கடைசி. ஏற்காடு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ரைட்டர். ஆள் கணக்கு எழுதுவது, பழத்தை எடை போடுவது, களத்தில் காயும் காப்பிக்கொட்டையை எப்போது மூட்டை கட்டலாம் என்று சொல்வது ஆகிய மூன்றும் என் வேலை. முதல் இரண்டையும் எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். எனக்குச் சோறு போட்டது மூன்றாவது. ஒரு கொட்டையை எடுத்து, மேல்தோலை உரித்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்துவேன். தடம் பதிந்தால் இன்னும் ஈரம். பதியாவிட்டால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். என் நகத்தை நம்பித்தான் முதலாளி லாரியை வரச்சொல்வார். ஈரக் கொட்டையை மூட்டை கட்டினால் சமவெளியில் இருக்கும் மில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அந்த நகம்தான் முதலில் கெட்டது. சேர்வராயன் கோயில் திருவிழாவில் ஊரே வேர்த்து வழிய, நான் மட்டும் ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு நின்ற வருடம் அது. நகங்களில் நெடுக்கு வசத்தில் கோடுகள் விழுந்தன. நுனி வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காய்ப் பிரிந்தது. ஒன்றரை மாதமாக நகமே வெட்டவில்லை என்பது ஒரு நாள் உறைத்தது. வெட்டுவதற்கு வளர்ந்திருக்கவில்லை. ஒரு வேலை மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன். முகம் உப்பியது. "நல்லாச் சதை போட்டுட்டீங்க" என்று கடைவீதியில் சொன்னார்கள். அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். காலையில் விரல்கள் மரத்துக் கிடக்கும். டம்ளரின் சூடு கைக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும்.

உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. ஐப்பசியில் என் அண்ணன் இறந்துபோன தந்தி வந்தது. படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அன்றைய எடையைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். எழவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். பந்தலின் ஒரு கால் சரியாக ஊன்றப்படவில்லை என்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சழுத்தக்காரன் என்று இரண்டு பேரும் தைரியசாலி என்று மூன்று பேரும் சொன்னார்கள். இரண்டும் இல்லை. அழுகை வரவேண்டிய இடத்தில் எதுவும் வரவில்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் இலை பார்க்கிற கண்ணோடு பார்த்தேன். பத்து வருடம் காப்பி இலையைப் பார்த்துப் பழகியவன். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் வெளுத்தால் ஒரு சத்து குறைச்சல், இலை சிறுத்துக் குச்சியாகப் போனால் ஜிங்க் குறைச்சல். மருந்தடித்தால் சில வாரங்களில் தெளிந்துவிடும். இந்த வித்தையில் எனக்கு அக்கம்பக்கத்து எஸ்டேட்டுகளில் சிறு பெயர் உண்டு. ஆகவே வெளுத்தது எதைக் கண்டாலும் அதில் ஒரு சத்து குறைகிறது என்று நம்பும் நிலைக்கு வந்திருந்தேன். நகம் மட்டும் விலக்கா என்ன?

கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த என்னை என் மனைவி முதல் நாள் வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, அது செடிக்கு அடிக்கிற மருந்துதானுங்களே?"

"ஆமா."

"அதுல எதுக்குங்க கையை உட்டுட்டு இருக்கறீங்க?"

"சத்துக் குறைச்சல்."

"கைக்குங்களா, மண்டைக்குங்களா?"

மூன்று மாதத்தில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. நகம் அப்படியே இருந்தது. வெளிப்பூச்சு போதாது, வேருக்குப் போடவேண்டும் என்று முடிவு செய்தேன். ஏற்காடு கடைவீதி மருந்துக்கடையில் பி-காம்ப்ளெக்ஸ், இரும்பு டானிக், மீனெண்ணெய் மாத்திரை, கால்சியம் என்று வாங்கி அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். கடைக்காரர் நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் "அதுவும் நல்லதுதானுங்க" என்பார். பி-காம்ப்ளெக்ஸ் தயவில் சிறுநீர் மட்டும் பளபளவென்று மஞ்சளாகப் போயிற்று. என் உடம்பிலேயே உற்சாகமாக இருந்தது அது ஒன்றுதான்.

பழம் எடுக்கும் பருவம் வந்தது. களத்தில் கொட்டையைக் கிண்டிவிடும் பெண்களுக்குத் தலைவியாக ஓர் அம்மாள் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தை மாதத்தில் ஒரு நாள் நான் ஒரு கொட்டையை எடுத்து அழுத்தினேன். தடம் பதியவில்லை. இன்னொன்று. அதுவும் பதியவில்லை.

"காஞ்சிருச்சு. கட்டிடலாம்."

"கட்டிடலாமுங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"கட்டிடலாம்."

"நெசமாவேங்களா?"

"நெசமாத்தான்."

பத்து நாள் கழித்து அந்த லாரிச் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. மூட்டையைப் பிரித்தால் ஈரச்சுவர் நாற்றம். முதலாளி ஜீப்பில் வந்து இறங்கினார். சத்தம் போடவில்லை. களத்தில் அன்று காய்ந்துகொண்டிருந்த கொட்டை ஒன்றை எடுத்து உரித்து என்னிடம் நீட்டினார்.

"அழுத்துங்க."

அழுத்தினேன். தடம் இல்லை. "காஞ்சிருக்குங்க" என்றேன்.

அதே கொட்டையை வாங்கித் தன் நகத்தால் அழுத்தினார். சோப்பில் பதிவதுபோல் பதிந்தது. பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிக் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் காகிதம் மாதிரி பின்பக்கம் மடிந்திருந்தது. கொட்டை கடினமாக இல்லை. என் நகம் மெத்தென்று ஆகியிருந்தது. இத்தனை நாளும் நான் அளந்தது கொட்டையின் ஈரத்தை அல்ல.

"இந்தப் பருவத்துக்கு மிச்சத்தை நானே பாத்துக்கறேன்" என்றார். "அடுத்த பருவத்துல ஒரு மூட்டை திரும்பி வந்தாலும் நீங்க வேற இடம் பாத்துக்கோங்க. ஊட்டையும் காலி பண்ணிக் குடுத்துருங்க."

வீடு எஸ்டேட் வீடு. வேலை போனால் வீடும் போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது, கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை. இவ்வளவும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. யாரோ ஒரு ரைட்டருக்கு இப்படி ஆகிவிட்டதாமே என்பதுபோல் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். தூங்கிவிட்டேன்.

பயப்படுகிற வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். மறுநாளே என்னை பஸ்ஸில் ஏற்றி, வளைவு வளைவாகச் சேலத்துக்கு இறக்கி, ஒரு டாக்டர் முன்னால் உட்காரவைத்தாள். எனக்கிருந்த குறைபாடுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். டாக்டர் அதை வாங்கி, கவிழ்த்து, அதன்மேல் தன் கண்ணாடியை வைத்தார்.

"ஒண்ணுலருந்து இருவது வரைக்கும் எண்ணுங்க."

எண்ணினேன். பதினொன்றில் நிறுத்தினார். "போதும், வெளிய இன்னும் பேஷண்ட் இருக்காங்க." கழுத்தைத் தடவிப் பார்த்தார். மண்டியிட வைத்துக் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது. பிறகு யோசித்துக்கொண்டே பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. அதைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்பட்டார்.

"இவருங்க, செடி மருந்துல விரலை ஊறப்போட்டாருங்க டாக்டர்" என்று என் மனைவி போட்டுக்கொடுத்தாள்.

"பூ எடுத்துச்சா?" என்றார் டாக்டர்.

ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாளாயிற்று. கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி சோம்பிப்போய்விட்டது, அது சோம்பினால் உடம்பில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும் என்றார். "குளிரு, வீக்கம், தூக்கம், மரத்துப்போறது எல்லாம் அதுலருந்துதான். நகம் வளர்றதும் அதோட சேர்ந்து நின்னு போகும்."

"அப்ப சத்துக் குறைச்சல் இல்லைங்களா?" என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"யாரு இல்லைன்னா? ரத்தம் வெளுத்துத்தான் கிடக்கு. இரும்பு கம்மி. பி-12 கம்மியாவும் இருக்கலாம். தைராய்டு சோம்பினவங்க பல பேருக்கு இதுவும் கூடவே இருக்கும். அதுக்கும் மருந்து தர்றேன், ஊசி போடறேன். ஆனா நீங்க அதையே முழுங்கிட்டு இருந்தா நகம் வராது. தைராய்டு மாத்திரையைக் காலையில வெறும் வயித்துல, தண்ணியோட முழுங்குங்க. இரும்பு டானிக்க அதோட சேர்க்காதீங்க, மத்தியானம் குடிங்க."

"மார்கழிக்குள்ள நகம் வந்துருங்களா?" என்றேன். அடுத்த பருவத்தின் முதல் களம் அப்போதுதான் காயும்.

"அடியிலருந்து நுனி வரைக்கும் புதுசா வரணும். ஆறு மாசம் ஆகும், மேலயும் ஆகலாம். எதுக்கு, ஏதாச்சும் கல்யாணமா?"

வேலை என்றேன். நகத்தை வைத்து என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. திருடன் என்று நினைத்தாரோ என்னவோ.

அதன் பிறகு ஒன்பது மாதம் நான் செய்தது ஒரு மாத்திரை விழுங்கியதும் ஒரு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும்தான். முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஸ்வெட்டர் உறுத்த ஆரம்பித்தது. கட்டைவிரலின் அடியில் வழவழவென்று ஒரு பிறை கிளம்பி, பழைய நகத்தை மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. அதில் எங்கே பழசு முடிந்து புதுசு ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு கோடு இருந்தது. ஆவணியில் ஒரு நாள், வாழவந்தி போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, காரணமே இல்லாமல் அண்ணன் ஞாபகம் வந்து அழுதுவிட்டேன். பத்து மாதம் தாமதம். பக்கத்தில் நின்றவர் பஸ் தவறிவிட்டது என்று நினைத்து, "அடுத்தது வருமுங்க" என்றார். பயமும் அந்த வாரமே வந்து சேர்ந்தது. மார்கழிக்குள் அந்தக் கோடு நுனியைத் தாண்டாவிட்டால் எங்கே போய்க் குடியிருப்பது என்று முதன்முறையாக ராத்திரியில் எழுந்து உட்கார்ந்து யோசித்தேன். மாத்திரை வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார்.

கார்த்திகைக் கடைசியில் பழைய நகத்தின் கடைசித் துணுக்கை வெட்டினேன். மார்கழியில் முதல் களம் காய்ந்தது. முதலாளி வந்து என் பக்கத்தில் நின்றார். கொட்டையை உரித்து அழுத்தினேன். தடம் பதிந்தது. மெல்லியதுதான், ஆனால் பதிந்தது.

"இன்னும் ரெண்டு நாள் காயணுமுங்க."

அவரும் ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார். தலையாட்டிவிட்டு ஜீப் ஏறினார். இரண்டு நாள் காயவைத்து அனுப்பினோம். மில்லிலிருந்து எந்தச் சேதியும் வரவில்லை. அந்தப் பருவம் முழுக்க ஒரு மூட்டைகூடத் திரும்பவில்லை. வீட்டைப் பற்றியும் முதலாளி அப்புறம் பேச்செடுக்கவில்லை.

கடைசி லாரி போன அன்று களத்தில் அந்த அம்மாள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு நல்ல வார்த்தைக்கு எனக்கு ஆசையாக இருந்தது. போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இந்த வருசம் ஒண்ணுகூடத் தப்பலை, பாத்தீங்களா?"

"ஆமாங்க." விளக்குமாறு நிற்கவில்லை. "போன வருசம் அது பச்சையாத்தானுங்க இருந்துச்சு. நாங்க எல்லாரும் கடிச்சுப் பாத்தோமுங்களே."

"கடிச்சுப் பாத்தீங்களா? அப்பறம் ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"ரெண்டு வாட்டி கேட்டேனுங்க. நீங்க நின்னுக்கிட்டே தூங்கறாப்பல இருந்தீங்க. பாவம், எதுக்கு எழுப்பறதுன்னு உட்டுட்டோமுங்க."