நாற்பத்தேழாம் அட்டை

காலையில் கூரியரில் ஒரு உறை வந்தது. பிரித்ததும் முதல் வேலையாக உள்ளே இருந்த அட்டையை மோந்து பார்த்தேன். நாற்பதை நெருங்குகிறவள் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் இந்த அட்டையோடு ஒரு பபிள்கம் வரும். ரோஸ் சென்ட்டில் சீனியைக் கொட்டின மாதிரி ஒரு வாசம். இப்போது பழைய காகித வாசம்தான் மிச்சம்.

தொண்ணூறுகளின் கடைசியில் மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே இந்த அட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. மொத்தம் அறுபது அட்டை. முன்பக்கம் சூனியக்காரி, மூன்று தலை மிருகம், ஏழு கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிய ராணி என்று படங்கள். மூலையில் அவரவர் பலத்துக்கு ஒரு எண். பின்பக்கம் இங்கிலீஷில் நாலு வரிக் கதை. மற்றப் பிள்ளைகள் எண்ணை வைத்து விளையாடி, தோற்றவர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். நானும் உஷாவும் கதைக்காக அலைந்தோம்.

உஷா அடுத்த வீடு. நெசவுக்காரக் குடும்பம், வீட்டுக்குள் சௌராஷ்டிரம், எங்களோடு தமிழ், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். நான் தமிழ் மீடியம். அவள் வாசித்துச் சொல்ல, நான் நோட்டில் தமிழில் எழுதுவேன். ஒரு நாள் அவள் இல்லாதபோது அகராதியை வைத்துக்கொண்டு ஒரு அட்டையைத் தனியாகப் படித்துவிட்டேன். வந்து தாம்தூம் என்று குதித்தாள்.

"இனிமே நான் இல்லாம ஒரு அட்டையைத் திருப்புனே, செத்தாலும் பேச மாட்டேன் பாத்துக்க."

தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஐம்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. நாற்பத்தேழு மட்டும் இல்லை. நாற்பத்தாறில் ராணி இரண்டு கையோடு ஏழாவது கோட்டைக்குள் நுழைகிறாள். நாற்பத்தெட்டில் ஒற்றைக் கையோடு வெளியே வருகிறாள். உள்ளே என்ன நடந்தது? எனக்குச் சோறு இறங்கவில்லை. பழங்காநத்தம் வரை ஒரு பெட்டிக்கடை விடாமல் ஏறி இறங்கினோம். "அம்புட்டுப் பாக்கெட்டையும் தடவிப் பாத்தாச்சு, கெளம்புங்கத்தா" என்று ஒரு கடைக்காரர் விரட்டியே விட்டார். நான் விடுகிற ஆளா?

மேலூரில் அத்தை மகள் செல்வி மதினியிடம் அது இருக்கிறது என்று தெரிந்ததும், அப்பாவை நச்சரித்து, உஷாவையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மதினி பெருமையாக ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மைதாப் பசை காய்ச்சி, படம் மேலே தெரிய, பக்கத்துக்கு நாலு அட்டையாக அழுத்தி ஒட்டியிருந்தாள். நாற்பத்தேழின் படத்தில் கோட்டைக் கதவும் ராணியின் முதுகும்தான்.

"பின்னாடி என்ன போட்டிருந்துச்சு மதினி?"

"பின்னாடியா? இங்கிலீஷ்ல என்னமோ கெடந்துச்சு. அத யாரு பாத்தா?"

உஷா வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை. மதினி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அந்தப் பக்கத்தைக் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். அட்டை கூழாகிவிட்டது. தப்பித்தது இரண்டே சொல். உஷா வாசித்துச் சொன்னாள்: 'ராணி சிரித்தாள்.' மதினி அழுத அழுகையில் அத்தை ஓடிவந்து என் தலையில் நறுக்கென்று கொட்டினாள். எனக்கு உறைக்கவே இல்லை. கை போகிற நேரத்தில் ஒருத்தி எதற்குச் சிரிப்பாள்?

"எதையோ ஜெயிச்சிருக்கா, அதான்" என்றாள் உஷா பஸ்ஸில்.

"கை போச்சேடி!"

"போனா என்னவாம்?"

மதுரை வந்து சேரும்வரை சண்டை.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் மேலூர் போய்த் திரும்பினால், அடுத்த வீடு பூட்டியிருக்கிறது. வேலை தேடிக் குடும்பத்தோடு சூரத்துக்குப் போய்விட்டார்களாம். முகவரி யாரிடமும் இல்லை. அட்டைகளை ரிப்பனால் கட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "நாப்பத்தேழு கெடைச்சா அவ வார வரைக்கும் நீ திருப்பக் கூடாதாம்" என்றாள் அம்மா. அன்றைக்கு அழுத மாதிரி நான் எதற்கும் அழுததில்லை.

அந்தப் பெட்டிக்கடைகள் போயின, பபிள்கம் போயிற்று. போன மாதம் அண்ணன் மகன் பழைய அட்டை விற்கிற ஒருவரைப் போனில் தேடிப் பிடித்தான்.

"அத்தை, பின்பக்கத்தையும் போட்டோ அனுப்பச் சொல்லவா?"

"வேணாம்டா!" என்று நான் போட்ட கத்தலில் பயந்துவிட்டான்.

போனில் தேடினால் உஷா என்ற பெயரில் எம்புட்டோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 'ராணி ஏன் சிரித்தாள்?' என்று எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் திட்டினார்கள். ஒருவர் என்னைக் கோயிலுக்குப் போகச் சொன்னார். இன்றைக்கும் பத்துப் பேருக்கு அனுப்பியாயிற்று.

அட்டை மேசைமேல் இருக்கிறது, படம் மேலே தெரிய.