வழியில் நிற்கிறான் என்று சொன்ன நாட்கள்

என் மகன் வெளிநாடு போகவில்லை. அரை வருடமாக ஊருக்கு நான் சொன்னது பொய். அதை முதலிலேயே எழுதிவிட்டால்தான் மிச்சத்தை எழுதக் கை ஓடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கமாட்டேன். கலியாண வீடென்றாலும் சமையல் நடக்கிற குசினிப் பக்கத்தால் போய் அதே வழியால் திரும்பிவிடுவேன். இணுவிலில் வண்டி ஒன்று மட்டும் போகக்கூடிய ஒழுங்கையின் நடுவில் எங்கள் வீடு. என் புருஷன் செத்துப்போன பிறகு அங்கே நானும் மகனும்தான். அவனுக்கு வயது முப்பத்தொன்று. புது வீடுகளுக்கு மாபிள் பதிக்கிற வேலை. நான் வெங்காயத் தோட்டங்களுக்குப் புல்லுப் பிடுங்கப் போவேன்.

அவன் போதைத் தூள் பாவிக்கிறான் என்று எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. வீட்டுக்குள் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முதலில் கிணற்று மோட்டர். பழுது என்று கழற்றிக்கொண்டு போனான், அது திரும்பி வரவில்லை. பிறகு சுவர் மணிக்கூடு. பிறகு றேடியோ. ஒருநாள் காலை குசினியில் நின்றபோது காதை யாரோ பொத்திவிட்டதுபோல இருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து இருந்தான். கண் திறந்திருந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன். இமை அசையவில்லை. மூச்சு இருந்தது, ஆள் இல்லை. கால்மாட்டில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள் கருகிக் கிடந்தது.

பெரியாஸ்பத்திரியில் இதற்கு இலவசமாக மருந்து செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு செவ்வாய்க்கிழமை தனியாகப் போனேன். அந்தப் பகுதியின் வாசலில் பேர் பதிந்து துண்டு எழுதிக்கொண்டிருந்தவள் எங்கள் கோயிலில் நான் காணுகிற பெண். என்னைக் கண்டு எழும்பி, என்ன வருத்தம் என்று கேட்டாள். பல்லு வலி என்றேன். அவள் நல்ல பிள்ளை, கையைப் பிடித்துப் பல்லுப் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆடிக்கொண்டிருந்த பல்லொன்றைக் கொடுத்துவிட்டு வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேன். வெட்கத்துக்கு நான் கொடுத்த முதல் விலை அது.

அடுத்த கிழமை சுன்னாகம் சந்தையில் கருவாடு சுற்றித் தந்த பேப்பரில் ஒரு விளம்பரம் கிடந்தது. குடி, போதை மறக்க வைக்கும் இல்லம் என்று எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஆனையிறவு தாண்டி மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் போகவேண்டிய இடம். எங்களைத் தெரிந்த ஒருவரும் அங்கே இருக்கமாட்டார்கள். எனக்கு அது போதும். போன் எடுத்தபோது பேசியவர், ஆளைக் கட்டி இழுத்து வருவதென்றால் வேண்டாம், அவர் தானாகச் சம்மதிக்க வேண்டும் என்றார். மகனிடம் கேட்டேன். அவன் கனநேரம் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கொண்டுபோய் விடச் சொன்னான். ஆனால் மூன்று மாதச் சாப்பாடு, மருந்து, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் கட்டவேண்டிய காசு, நான் ஒரு வருடம் புல்லுப் பிடுங்கினாலும் வராது.

கொழும்புத்துறையில் என் மச்சாள் இருக்கிறார், என் புருஷனின் தமக்கை. அவரின் கழுத்தில் ஏழு பவுணில் ஒரு சங்கிலி. பஸ்ஸில் போகும்போது உண்மையைத்தான் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு போனேன். படலையில் அவரைக் கண்டதும் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"மகனை வெளிநாட்டுக்கு அனுப்பப் போறன், மச்சாள். ஏஜென்சிக்குக் கட்டவேணும்."

மச்சாள் என்னை இருக்கவும் சொல்லவில்லை, நின்ற நிலையில் கொக்கியைக் கழற்றினார். முகமெல்லாம் சந்தோஷம். எங்கள் ஊரில் வெளிநாடு என்றால் கழுத்தில் கிடப்பது தானாகக் கழன்று வரும். பழக்கத்தை விட வைக்க என்றால், எந்தப் பழக்கம், எப்ப தொடக்கம், ஆரோடை சேர்ந்து என்று பொழுது பட்டுவிடும். சங்கிலியை அடைவு வைத்துக் காசைக் கட்டினேன். ஒரு விடியற்காலை பஸ்ஸில் அவனைக் கொண்டுபோய் விட்டேன்.

அன்றிலிருந்து ஊர் என் மகனை அனுப்பத் தொடங்கியது. எங்கே நிற்கிறான் என்று ஒழுங்கையில் கேட்பார்கள். "வழியிலை நிக்கிறான்" என்பேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஏஜென்சிக்காரர் போன் பாவிக்க விடமாட்டார்கள், மாதக்கணக்கில் ஏதோ ஒரு நாட்டில் அறைக்குள் பூட்டி வைத்திருப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லாததை அவர்களே சொன்னார்கள். ரஷ்யாவில் நிற்கிறான் என்றார் கடைக்காரர். இல்லை, காட்டுக்குள்ளால் நடந்துகொண்டிருக்கிறானாம் என்றார் இன்னொருவர். மச்சாள் வெள்ளிக்கிழமை தோறும் அவன் நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்தார். சில நாட்களில் எனக்கே அவன் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகப்படும். மத்தியானம் சோறு போட்டுவிட்டு, அங்கே இப்போது விடிந்திருக்குமோ என்று நினைப்பேன். அவன் இருந்ததோ மூன்று மணித்தியால தூரத்தில்.

மூன்று மாதம் முடிந்து அவன் வெளியே வந்தான். உடம்பு தேறியிருந்தது. கண்ணுக்குள் ஆள் இருந்தது. சுன்னாகத்தில் பஸ்ஸால் இறங்கி, பொழுது பட்ட பிறகு ஓட்டோவின் சீலையை இழுத்து விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். இரண்டு நாளைக்கு என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டான் என்று சொன்னால் சங்கிலி எங்கே என்று மச்சாள் கேட்பார். இன்னொன்றும் இருந்தது. முந்தி எங்கள் கேற்றடியில் வேகத்தைக் குறைக்கிற, தூள் விற்கிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் இப்போது குறைப்பதில்லை. அவன் நாட்டில் இல்லை என்று அவர்களும் நம்பியிருந்தார்கள். பொய் அவனைக் காப்பாற்றுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இல்லத்தில் அவனைக் கவனித்த ஐயா கிழமைக்கொருமுறை போன் எடுப்பார். ஒரு தடவை நான் உள்ளதைச் சொன்னேன். அவர் சொன்னார்:

"அம்மா, ஒளிச்சு வைக்காதேங்கோ. அவர் ஆக்களோடை இருக்கவேணும். தனிய ஒரு அறைக்குள்ளை விட்டால் திரும்பவும் அங்கைதான் போவார். அதோடை மாசத்துக்கு ஒருக்கா வரச்சொன்ன கிளினிக்கையும் விடக்கூடாது."

ஓம் ஐயா என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் போனது. கிளினிக் நாள் இரண்டு தரம் வந்துபோனது.

அவன் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நடக்கப் பழகிவிட்டான். பின்னால் நிற்கிறான் என்பது திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். கோப்பையைக் கழுவினால் கிலுங்காது. இருமல் வந்தால் தலையணையில் வாயை வைப்பான். ஊர் அடங்கிக் கிடக்கிற உச்சிப்பொழுதில் மட்டும் குளிக்க இறங்குவான். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் வேலியால் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, பயப்பிடாதேங்கோ. உச்சியிலை உங்கடை கிணத்தடியிலை ஒண்டு நிக்குது. ஆம்பிளை மாதிரி. நான் பாக்க அது என்னைப் பாத்தது. பிறகு இல்லை."

பேய் அண்டாதிருக்கத் தான் எலுமிச்சங்காய் வெட்டிக் கிணற்றடியில் மூலைக்கு மூலை போட்டதாகவும் சொன்னாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அறைக்குள் அவன் சுவரோடு காதை வைத்தபடி இருந்தான்.

அவள் அடிக்கடி வருவாள். முன் விறாந்தையில் இருந்து அவனைப் பற்றித்தான் கதைப்பாள். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தன் பயணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் கனவு கண்டதாகச் சொன்னாள். எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளியாம், அதற்குள் என் மகன் செருப்பில்லாமல் நடந்து போகிறானாம், எத்தனை தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பவில்லையாம். அவள் போன பிறகு அறைக்குள் போனேன். அவன் கட்டிலில் இருந்து தன் இரண்டு பாதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அலுமாரியில் கிடந்த பழைய மேஸ், சப்பாத்துக்குள் போடுகிற காலுறை, ஒரு சோடியை எடுத்துப் போட்டான். யாழ்ப்பாணத்துச் சித்திரை வெக்கையில் இரவும் பகலும் அதைக் கழற்றவில்லை. குளிருதோ என்று கேட்டேன். இல்லை என்றான். பிறகு கேட்டான்:

"அந்த இல்லத்திலை எல்லாரும் என்ரை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவை. நான் உண்மையிலை இஞ்சைதானோ இருக்கிறன், அம்மா?"

அந்தக் குரல், கட்டிலில் கண் திறந்தபடி இருந்தவனின் குரல். அவன் தூளுக்குப் போகவில்லை. ஆனால் போன இடம் அதற்குப் பக்கத்தில்தான் என்று எனக்கு விளங்கியது. விளங்கியும் கதவைத் திறக்கவில்லை. அது என் குற்றம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். கேற்றடியில் ஓட்டோ நின்றது. மச்சாள் இறங்கினார். தலை குலைந்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழத் தொடங்கினார். எங்கோ ஒரு நாட்டு எல்லையில் ஆறு கடக்கும்போது இணுவில் பக்கத்துப் பெடியன் ஒருவன் தண்ணீரோடு போய்விட்டானாம். யாரோ யாருக்கோ போன் எடுத்து, அது கொழும்புத்துறைக்கு வந்து, கேட்ட உடனே புறப்பட்டிருக்கிறார்.

மச்சாளின் மூத்த மகன் சண்டை முடிந்த வருடம் வன்னியில் காணாமல் போனவன். அவனுக்காக அவர் ஒருநாளும் ஒப்பாரி சொன்னதில்லை. எங்கோ இருக்கிறான் என்று நம்பியிருக்கும் தாய்க்கு அது எப்படி வாயில் வரும்? அன்றைக்கு வந்தது. "ஒரு பிடி மண்ணும் கிடைக்கேல்லையோ ராசா" என்று அவர் அழுதபோது, அதற்குள் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவன் என் மகன், மற்றவன் அவரின் மூத்தவன் என்று எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஊரில் ஒப்பாரிக் குரல் கேட்டால் அழைப்பு வேண்டாம். ஒழுங்கை நிரம்பிவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். வாற சனம் இருக்க என்று யாரோ கதிரைகளுக்கு ஆள் அனுப்பினார்கள். நான் அறைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் நிற்கிறான் என்று முதுகில் தெரிந்தது. தன் செத்தவீட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இப்போது நான் பேசாமல் விட்டால், அவன் அதை நம்பிவிடுவான்.

கதவைத் திறந்தேன்.

அவன் வெளியே வந்தான். இடுப்பில் வெள்ளைச் சாரம், காலில் மேஸ். அழுகை அறுந்ததுபோல நின்றது. கேற்றடியில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். மச்சாள் மட்டும் எழும்பி வந்து அவன் முகத்தையும் கழுத்தையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தார். சூடு இருக்கிறதோ என்று பார்ப்பதுபோல.

அத்தனை பேருக்கு முன்னால் நான் கதைத்தது அதுதான் முதல் தரம். குரல் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"இவன் எங்கையும் போகேல்லை. தூள் பழக்கம். மச்சாள், உங்கடை சங்கிலியை வைச்சு மூண்டு மாசம் மருந்து செய்தனான். இப்ப இல்லை. நாளைக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது."

பக்கத்து வீட்டுப் பெண் மெல்லக் கேட்டாள், "அப்ப கிணத்தடியிலை நிண்டது?"

"நான்தான், அக்கா," என்றான் மகன். "நீங்கள் போட்ட எலுமிச்சங்காயை நான்தான் பொறுக்கினனான்."

ஒரு கிழவர் சிரித்தார். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சனம் ஒவ்வொன்றாகக் கழன்றது. மச்சாள் நிலத்தில் குந்திக்கொண்டு தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"சங்கிலி போகட்டும். இவ்வளவு நாளும் அழாத அழுகையை நீர் என்னட்டை இருந்து எடுத்துப்போட்டீர், மச்சாள். அதை நான் இனி எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

ஆனாலும் அடுத்த கிளினிக் நாளுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான்.

பத்து நாள் கழித்து ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். அவளுடைய மகன் கொழும்பில் கடை வேலை என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். உள்ளே வராமல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடம் எங்கே, எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டாள். கேட்கும்போது அவள் கண் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஓடியது. நானும் பார்த்தேன். வெயிலில் வரிசையாக ஜன்னல்கள், எல்லாம் சாத்திக் கிடந்தன. கொழும்பில், கட்டாரில், வழியில் என்று சொல்லப்படுகிற எத்தனை பேர் அவற்றுக்குப் பின்னால் மூச்சடக்கி இருக்கிறார்களோ என்று நினைத்தேன்.

மகன் வெளியே வந்து அவளுக்கு எல்லாம் சொன்னான். இலவசமாகப் பெரியாஸ்பத்திரியிலும் செய்வார்கள், முதலில் அங்கே போகலாம் என்றான். பிறகு, "நான் வந்து அவனோடை கதைக்கட்டோ?" என்று கேட்டான்.

அந்த அறைக்குள் என்ன இருக்கிறது, எந்த வெள்ளித்தாள் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மறிக்க வாய் வந்தது. மறிக்கவில்லை.

அவன் அவளுக்குப் பின்னால் நடந்து போனான். நான் கேற்றைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மணித்தியாலம் போலப் பிந்தி வந்தான். முகம் கழுவிவிட்டுச் சோறு கேட்டான். சோற்றுக் கோப்பையைக் கொடுக்கும்போது, உள்ளே ஆள் இருக்கிறானோ என்று அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் பார்க்க விட்டான்.