மணி அடித்தால் எழுந்துவிடுபவர்

எங்கள் குடியிருப்பில் ஒரு வதந்தி. இடுப்பு மூட்டை மாற்றியபின் வலி தெரியாமலிருக்க நரம்போரமாகப் போடுகிறார்களே ஓர் ஊசி, அது லிஃப்ட்காரரின் காலையே தின்றுவிட்டதாம். ஆளுக்கு ஆள் ஊசி நீண்டுகொண்டே வந்து, என் காதை எட்டியபோது கடப்பாரை அளவில் இருந்தது. விசாரிக்கப் போனேன். எனக்கு வேறென்ன வேலை?

மனிதர் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காலமெல்லாம் லிஃப்ட் ஓட்டியவர். ஊரையே மேலே ஏற்றிவிட்டவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியில். இடுப்பு தேய்ந்ததும் படியேற முடியாமல், கீழே மச்சினன் கடையின் சரக்கறையில் முடங்கினார். மேலே மனைவி, கீழே இவர். வீட்டுக்கு ஏறிப் போகத்தான் அறுவை சிகிச்சைக்கே தலையாட்டினார்.

நான் போனபோது மனைவி சாப்பாட்டோடு இறங்கி வந்திருந்தார்.

"எல்லாம் அந்த ஊசியால வந்ததுங்க. கால் மரத்துப்போய் விழுந்து, புது மூட்டுக்குக் கீழ எலும்பு உடைஞ்சுபோச்சு. எந்திரிக்காதீங்கன்னு அந்த நர்ஸ் பொண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலைன்னு யாரு சொன்னது?"

"இவருதான். ஆஸ்பத்திரியில விசாரிச்சவங்ககிட்டயும் அதையேதான் சொன்னாரு."

லிஃப்ட்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி படியேறிப் போனபிறகுதான் வாய் திறந்தார்.

"சொல்லுச்சுங்க. 'ஐயா, வலி இல்லைன்னு நம்பி இறங்கிடாதீங்க. ஊசி வேகம் போற வரைக்கும் தொடை உங்க பேச்சைக் கேக்காது'ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு."

"அப்புறம் ஏன் இறங்கினீங்க?"

"பக்கத்துக் கட்டில்காரரு மணியடிச்சாரு."

"அவர் நர்சைக் கூப்பிட்டிருப்பாரு."

"தெரியாதா எனக்கு? லிஃப்டுல மணி அடிச்சா எந்திரிச்சே பழகின உடம்பு. வலி இருந்திருந்தா அதுவாவது புடிச்சு உக்கார வச்சிருக்கும்."

ஊசி தன் வேலையைச் செய்தது. மனிதரும் தன் வேலையைச் செய்துவிட்டார்.

மறுபடி அறுத்துத் தகடு வைத்தார்கள். உணர்ச்சியெல்லாம் திரும்பிவிட்டது, பலம்தான் வரவில்லை. படி இனி ஆகாது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"வீட்டம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிடலாமே?"

"அவ கூப்பிட்டு ஒருநாளும் உடனே எந்திரிச்சதில்லைங்க. எவனோ மணியடிச்சதுக்கு எந்திரிச்சு விழுந்தேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

பிறகு அவரே சொன்னார்:

"அந்தப் பொண்ணை வேற வார்டுக்குத் தூக்கிட்டாங்களாம். அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி. நடந்துபோய்க் கேக்கணும்னு வச்சிருந்தேன்."

"சக்கர நாற்காலியில போனாலும் மன்னிப்பு மன்னிப்புதானே? நான் தள்ளிட்டு வரேன்."

"போலாம்," என்றார். மறுவாரம் கேட்டபோதும் அதையேதான் சொன்னார்.