புல்லுக்குள் ஒரு செருமல்

அச்சன்புதூரில் என் தென்னந்தோப்புக்கு அடுத்த வயல் சங்கரேஸ்வரியுடையது. பாதி வயலில் மாட்டுத் தீவனத்துக்கான நேப்பியர் புல். அவள் புருஷன் இசக்கிமணி தண்டை இரண்டு கணு விட்டுக் கரணையாக வெட்டி, ஒவ்வொன்றாகத் தன் கையால் ஊன்றியது. ஒரு தடவை நட்டால் போதும், அறுக்க அறுக்கத் தழைத்துக்கொண்டே இருக்கும்.

அந்த மனிதர் புல்லறுக்கப் போகிற அழகே தனி. வரப்பில் நின்று கம்பால் தட்டுவார். தொண்டையைச் செருமுவார். "வாறேன், வழி விடுங்க" என்பார். உள்ளே கிடக்கிற பாம்புகளுக்குத்தான் அந்த மரியாதை. போன சித்திரையில் ஒரு நாள் போனில் பேசிக்கொண்டே, செருமாமல் நுழைந்துவிட்டார். விரியன் காலில் போட்டுவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. பாழாய்ப்போன போன்!

அதற்குப் பிறகு சங்கரேஸ்வரி அந்தப் புல்லில் அரிவாளே வைக்கவில்லை. குற்றாலத்துச் சாரல் பிடித்ததும் அது ஆளை மறைக்கிற உயரத்துக்கு வளர்ந்து, முற்றி, காற்றில் உரசிக்கொண்டே நின்றது. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்து வரப்புக்கு இழுத்துப் போனாள்.

"யக்கா, உள்ள அவுக செருமுதாக. கேக்குதா?"

"ஏட்டி, சும்மா கெட. தோகை உரசுது" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, நானும் ஓர் எட்டு பின்னால் வைத்துவிட்டேன். பொய் சொல்வானேன்.

பசுவுக்கு இதெல்லாம் தெரியுமா? கன்று போட்டு ஒரு மாசம்கூட ஆகாத பசு, வெறும் வைக்கோலைத் தின்று எலும்பும் தோலுமாய் நின்றது. கன்றுக்கே பால் போதவில்லை. செங்கோட்டையிலிருந்து வந்த அவள் அண்ணன் நல்லக்கண்ணு கொதித்துப் போனான்.

"தீவனத்தக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு வாயில்லா சீவனப் பட்டினி போடுதியே! ஞாயித்துக்கெழம வாறேன். அதுக்குள்ள புல்லு அறுபடலைன்னா பசுவ அடிமாடாக் கேரளா லாரியில ஏத்திருவேன், பாத்துக்கோ."

"அறுத்துட்டா அவுக எங்கண்ணே போவாக?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் அரிவாளோடு வந்தாள். நான் கூடவே நின்றேன். இசக்கிமணி அறுப்பது போலவே மண்ணை ஒட்டி அறுத்தாள். ஒவ்வொரு வரிசையாகக் குறையக் குறைய, செருமல் உள்ளே உள்ளே ஒதுங்குவதாகச் சொன்னாள். கடைசித் தூரில் கை நின்றுவிட்டது. தொழுவத்தில் பசு கத்தியது. கண்ணை மூடிக்கொண்டு அறுத்தாள். சாவு வீட்டில்கூட அழாதவள், அந்த வெட்டவெளியில் உட்கார்ந்து வாய்விட்டுக் கதறினாள். எனக்கும் தாங்கவில்லை.

பசு தேற ஆரம்பித்தது. மறுநாள் நல்லக்கண்ணு வந்து, அது புல் தின்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இரண்டு வாரம் கழித்து அவளோடு தண்ணீர் பாய்ச்சப் போனேன். தூர்களில் பச்சைக் குருத்து விட்டிருந்தது. ஒரு கோழி ஒளியக்கூட அதில் இடமில்லை. மடையைத் திறந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். அந்தச் செருமல். எனக்கும் கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்புக்கு ஓடினேன். அவள் நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் அவரைக் கடிந்துகொள்கிற அதே குரலில் சொன்னாள்:

"புல்லு இன்னும் முழங்கால் ஒசரம்கூட வரல. அதுக்குள்ள என்ன அவசரம் ஒங்களுக்கு?"