சங்கொளி

கொரோனா ஊரடங்கு முடிந்த சமயம் அது. அம்பத்தூரில் நான் லேத் ஓட்டிய கம்பெனி வெகு முன்பே மூடிப்போய், அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருந்தன. நான் திருவேற்காட்டில் ஒரு குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்துவந்தேன். பகலில் கைப்பேசிதான் துணை. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம் இணையத்தில் இருப்பது அதில்தான் தெரியவந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. நாலு பேர் முன்னால் பேச வராது. அங்கே முகம் காட்ட வேண்டியதில்லை என்பது பிடித்திருந்தது.

அம்பத்தூரில் எங்கள் பகுதியைப் பற்றிய பக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'சங்கு ஸ்டாப்பிங்' என்ற பஸ் நிறுத்தத்தின் பெயர் எங்கள் கம்பெனிச் சங்கால் வந்தது என்று. சங்கு என்றால் ஷிப்டுக்கு ஊதும் சைரன். காலையில் அது ஊதினால் தெருவே பரபரக்கும். குழம்பை இறக்குவார்கள், பிள்ளைகளைக் குளிக்க விரட்டுவார்கள். கடிகாரம் இருந்த வீட்டில்கூடச் சங்கைக் கேட்டுத்தான் முள்ளைத் திருப்பி வைப்பார்கள். அந்தச் சத்தம் எங்காவது எழுத்தில் இருக்கட்டும் என்று ஓர் ஆசை.

இரண்டு வருடம் கழித்து ஒருவர் அதை நீக்கினார். கோயில் குளம் தோண்டியபோது சங்கு கிடைத்ததால் வந்த பெயர் என்று எழுதி, வீட்டுமனை விற்கும் ஓர் இணையதளத்தைச் சான்றாகக் காட்டினார். நான் மாற்ற, அவர் மாற்ற, விஷயம், திருத்துகிறவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளும் உரையாடல் பக்கத்துக்குப் போனது. "என் காதால் கேட்டிருக்கிறேன்" என்று எழுதினேன். "உங்கள் காதைச் சான்றாக இணைக்க முடியாதே" என்று பதில் வந்தது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும் என்றார்கள்.

என்னோடு லேத் ஓட்டிய நண்பன் ஒருவன் கோயில் கமிட்டியில் இருந்தான். முந்தைய வருடக் கும்பாபிஷேகத்துக்கு அவர்கள் அச்சிட்ட சிறப்பு மலரைக் கொடுத்தான். அதில் நான் சொன்னது அப்படியே இருந்தது! பக்க எண்ணோடு குறிப்பிட்டேன். எதிர்த்தவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதி விலகிவிட்டார். என் வரி திரும்ப வந்தது.

அன்று மகளிடம் மலரைக் காட்டிப் பெருமையடித்தேன். வாய்விட்டுப் படித்தவள் சிரித்துவிட்டாள்.

"யப்பா, சங்கு எப்டிப்பா ஒளி வுடும்? அது இன்னா டார்ச் லைட்டா? 'சங்கொளி'ன்னு போட்டுக்கீறாங்க பாரு."

கலைக்களஞ்சியப் பக்கத்தின் பழைய திருத்தங்களைத் திறந்து, முதன்முதலில் நான் எழுதியதைத் தேடினேன். சங்கொலி என்று எழுத வேண்டியதை நான்தான் 'சங்கொளி' என்று எழுதியிருந்தேன். பிற்பாடு யாரோ திருத்தியிருக்கிறார்கள். மலரில் இருந்தது என் வாக்கியம், என் பிழையோடு.

நண்பனைத் தேடிப் போய், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நெட்லேர்ந்துதான் மாமே. எவனோ நல்லா பட்ச்சவன் எழ்திக்கீறான்."

"அது நான்தான்டா."

விழுந்து விழுந்து சிரித்தான். "நீ சொன்னதுக்கு நீயே சாட்சியா? கெலிச்சிட்ட இல்ல, கம்முனு கீ. சங்கு ஊதுனது நெசந்தானே?"

நிஜந்தான். அதனாலேயே இரண்டு நாள் கம்மென்று இருந்தேன். சொன்னால் வரி போய்விடும். என் படிப்பின் லட்சணமும் வெளியே தெரிந்துவிடும். ஆனால் உரையாடல் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த "ஒப்புக்கொள்கிறேன்" கண்ணில் பட்டது. ஒரு மனிதர் என்னை நம்பி இறங்கிவந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினேன். நாலு வரிக்கு மத்தியானம் முழுக்க ஆனது. மலர் என்னிடமிருந்துதான் எடுத்தது, அதில் இருக்கும் ளகரம் என்னுடையது, ஐந்தாவது வரை படித்தவன், மன்னிக்கவும் என்று எழுதிவிட்டு, என் வரியை நானே நீக்கி, அவருடையதைத் திரும்பப் போட்டேன்.

சாயங்காலம் அவருடைய பதில் வந்திருந்தது. தான் காட்டிய இணையதளமும் யாரைக் கேட்டு எழுதியது என்று தெரியவில்லை என்று சொல்லித் தன் வரியையும் எடுத்துவிட்டார். கீழே இப்படி இருந்தது: "சங்கு ஊதியதை நான் நம்புகிறேன் ஐயா. இங்கே எழுதத்தான் வழியில்லை. காலையில் எத்தனை மணிக்கு ஊதும்?"

ஏழே முக்கால் என்று எழுதினேன்.

இன்றுவரை அந்தப் பக்கத்தில் சங்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஷேர் ஆட்டோக்காரர் "சங்கு, சங்கு எறங்கு" என்று கூவும்போதெல்லாம், கடைசியில் ஒரு சான்றும் கேட்காமல் மணியை மட்டும் கேட்ட அந்த முகம் தெரியாத மனிதரை நினைத்துக்கொண்டுதான் இறங்குகிறேன்.