அம்மா வாசித்த கம்பஸ்

பன்னிரண்டாம் வகுப்பில் நான் கெமிஸ்ட்ரி கட் அடித்த அழகைப் பார்த்துப் பள்ளிக்கூடமே பயந்துபோய், வாரத்தில் இரண்டு நாள் என்னைக் கைத்தொழில் சொல்லித்தரும் கொலிஜுக்கு அனுப்பியது. அங்கே பிளம்பிங் படித்தால் பள்ளிக்கூடத்திலும் கொலிஜிலும் கிரெடிட் விழும்.

முதல் நாள் அம்மாதான் காரில் கொண்டுபோய் இறக்கினார். வாசலில் பெரிய எழுத்தில் 'கம்பஸ்' என்று பலகை. கொலிஜின் அந்த வளாகத்தைத்தான் அப்படிப் போட்டிருந்தார்கள். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். வேறு அர்த்தமே கிடையாது. நான் வகுப்புக்குள் நுழையுமுன்பே பக்கத்து நகரம் பிக்கரிங் வரைக்கும் அம்மாவின் செய்தி போய்விட்டது: "மகள் பள்ளிக்கூடம் முடிக்க முதலே கம்பஸ் எடுபட்டிட்டாள்."

பிளம்பிங் என்று நான் சொல்லாமல் இல்லை. அம்மாவின் காதில் கம்பஸ் மட்டும்தான் ஏறியது.

சிக்கல் என்னவென்றால், எனக்கு அந்த வேலை பிடித்துவிட்டது. சூடான செம்புக் குழாயின் மூட்டுக்குள் ஈயம் உருகி ஓடியபோது, நான் மக்கு இல்லை என்று வாழ்க்கையில் முதல்தடவையாகத் தோன்றியது. அடுத்த வருடம் அங்கேயே முழுநேரமாகச் சேர ஆசை. கம்பஸ் மிதப்பில் இருக்கும் அம்மாவிடம் எப்படிக் கேட்பது?

ரூஜ் பக்கத்தில் ஒரு அன்ரி வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. அந்த அன்ரியின் மகன் யூனிவர்சிட்டியில் படிப்பவன். அவன் ரோல்ஸ் கடிக்கிற விதத்திலேயே அது தெரியும். அம்மா என் கம்பஸ் புராணத்தைத் தொடங்க, அவன் குறுக்கே விழுந்தான்.

"அன்ரி, அது யூனிவர்சிட்டி இல்லை, ஜஸ்ட் கொலிஜ். அவ பைப் வேலை படிக்கிறா."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அந்த ரோல்ஸ் அவன் தொண்டையில் சிக்கட்டும் என்று மனதாரத் திட்டினேன்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொலிஜுக்கு என்ன குறை? நானும் ஆறாம் வகுப்பிலயிருந்து கொலிஜிலதான் படிச்சனான்."

ஊரில், யாழ்ப்பாணத்தில், பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் கொலிஜ் என்றுதான் பெயர். அன்ரிமாரும் அப்படிப் படித்தவர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு அம்மா கேட்டார்.

"உனக்கு உது உண்மையா விருப்பமோ?"

"ஓம் அம்மா. ஐ லவ் இட். அடுத்த வருசமும் அங்கயே படிக்கப்போறன்."

"நான் ரெண்டுதரம் சோதினை எடுத்தனான். கம்பஸ் கிடைக்கேல்லை."

இதை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மூக்கைத் துடை," என்றார் அம்மா. "கிடைக்காதது எனக்கு. அதை நீ ஏன் படிக்கவேணும்? நீ உன்ர பைப்பைப் படி."